சுட்ட மணலும் சும்மா இராத கால்களும்

ஹனியாவின் கால்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. சாப்பிடும்போதுகூட மேசைக்கு அடியில் அவை தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அதனால்தான் வந்தது வினை. அவள் பள்ளி விழா மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெண்கள் திபெத்திய யோகா செய்து, தியான நடனமும் ஆடப்போகிறார்கள். வட்டமாக நின்று, மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்த வேண்டும். மூச்சை விட்டபடி இறக்க வேண்டும். பிறகு மெல்லச் சுழல வேண்டும். ஒத்திகையில் ஹனியா பம்பரமாகச் சுழன்று, தோழி சுஷ்மிதாவின் மூக்கில் இடித்துவிட்டாள்.

"இந்தத் தடவை நீ வேணாம்மா. எல்லார் செருப்பையும் பாத்துக்கோ" என்றார் பிரபா டீச்சர்.

ஹனியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படியாவது அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும்! விழா நாளன்று கடற்கரையில் செருப்புக் குவியலையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

காலையில் வரவேண்டிய சிறப்பு விருந்தினர், வழக்கம்போல, உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார். அதற்குள் மணல் கொதித்தது. பாட்டுத் தொடங்கியதும் தியானமாவது ஒன்றாவது! எல்லோரும் தத்தித் தத்திக் குதித்தார்கள்.

"காலு வேவுது டீச்சர்! செருப்பு போட்டுக்கினு ஆடவா?" என்று அலறினாள் சுஷ்மிதா.

"மணல்ல புதைஞ்சு விழுவீங்கடி!" டீச்சர் கையைப் பிசைந்தார்.

ஹனியா ஓடி வந்தாள். "டீச்சர், ஈர மணலுக்குப் போலாம்! அங்க சுடாது!"

"ஸ்பீக்கர் ஒயர் அவ்ளோ தூரம் வராதே. பாட்டு இல்லாம எப்படி?"

"பாட்டு இன்னாத்துக்கு டீச்சர்? அலை வந்தா கையத் தூக்கணும். போனா இறக்கணும். அவ்ளோதான்!"

டீச்சர் யோசித்தார். "சரி, நீயே நடுவுல நின்னு காட்டு."

பாதம் மட்டும் நனையும் இடத்தில் வட்டம் கூடியது. ஹனியா நடுவில் போய் நின்றாள். அவசரப்பட்டுக் கையைத் தூக்கினாள். அலை இன்னும் வரவில்லை. கையை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

அலை வந்தது. எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தன. அலை திரும்பியது. எல்லாம் ஒன்றாக இறங்கின. கடலை யார் அவசரப்படுத்த முடியும்? ஹனியா மெல்லச் சுழன்றாள். யார் மூக்கும் இடிபடவில்லை.

விருந்தினர்கூடப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வட்டத்தில் சேர்ந்துகொண்டார்!

"இவ்ளோ நேரம் எப்படிடி ஓடாம நின்ன?" என்று கேட்டாள் சுஷ்மிதா.

"எனக்குப் பதிலா கடலு ஓடிக்கினு இருந்துச்சுல்ல!"

டீச்சர் சிரித்துவிட்டார். "அடுத்த தடவையும் நடுவுல நீதான். அது சரி, செருப்பெல்லாம் எங்க?"

பதில் சொல்ல ஹனியா அங்கே இல்லை. செருப்புக் குவியலை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருந்தாள்.