என்னமோ சொன்னாளே

மகிழனுக்குத் தாஜ்மகால் எப்படி இருக்கும் என்று தெரியாது. இத்தனைக்கும் பலமுறை போய்வந்தவன். குற்றாலத்தில் குளித்திருக்கிறான், ஊட்டி ரயிலில் போயிருக்கிறான், லட்சத்தீவில் மீன்களோடு நீந்தியிருக்கிறான். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அவன் பார்த்ததெல்லாம் இப்போது அடுத்தவர்கள் தலைக்குள் இருக்கிறது.

சென்னையில் சுற்றுலா என்று பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. யாருக்கு நேரம் இருக்கிறது? தெருமுனைப் பதியச் சாவடியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் ஒரு முழுப் பயணத்தின் நினைவு தலைக்குள் ஊன்றிவிடும். போனது வேறு யாரோ, போய்வந்த சுகம் நமக்கு. அந்த யாரோவுக்குத்தான் பதியர் என்று பெயர். அவர் பதிவளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு வருவார். திரும்பியதும் பதிய நிலையத்தில் அந்த நினைவை வேரோடு எடுத்துவிடுவார்கள். ரோஜாவைப் பதியம் போட்டால் தாய்ச்செடியிலிருந்து வெட்டினால்தானே தனியாகத் துளிர்க்கும்? இதுவும் அப்படித்தான். பதியர் தலையில் இருக்கும்வரை அது இன்னொருவர் தலையில் ஒட்டாது.

பதியர்களில் மகிழன்தான் முதல்தரம். காரணம் எளிது. அவனுக்குக் கவலையே கிடையாது. மலை உச்சியில் நிற்கும்போது வீட்டு வரி ஞாபகம் வருகிறவர்களை வைத்துக்கொண்டு பதியம் போட முடியுமா? ஒட்டிக்கொள்கிற அத்தனை பேருக்கும் அல்லவா அந்த வரி போய்ச் சேரும். மகிழன் மனம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். நிலையத்தில் அவனைப் பார்த்து வியப்பார்கள். வியக்க ஒன்றும் இல்லை. அவனுக்குச் சேரவேண்டிய கவலைகளை எல்லாம் அவன் மனைவி தன்யா பட்டுக்கொண்டிருந்தாள். கேஸை அணைத்தோமா, அவன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா, தண்ணீர் லாரி வந்ததா, எல்லாம் அவள் பாடு. எதையும் அவனிடம் இரண்டு தடவையாவது சொல்லவேண்டியிருக்கும். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை காலை அவன் செருப்பு மாட்டும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்:

"தூத்துக்குடி குடிநீர் ஆலையில எனக்கு வேலை உறுதியாயிடுச்சு மகி. நான் மட்டும் போகட்டுமா, நீயும் வர்றியா? யோசிச்சு சாயந்திரம் வந்து சொல்லு."

"சரி சரி" என்றான் மகிழன். காதில் விழுந்தது எதுவும் அவன் மனதில் ஏறவில்லை. பயணம் போகும் நாளில் காலையிலிருந்தே மனதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

இந்த முறை ஒரே தடவைதான் சொல்வது என்று தன்யா முடிவு செய்திருந்தாள். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அன்றைய பயணம், காசிமேட்டிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை போய்த் திரும்பும் பாய்ப்படகு உலா. மோட்டார் படகு உதவாது, அதன் அதிர்வு பதியத்தில் தலைவலியாக ஏறிவிடும். படகோட்டி டைட்டஸ் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். பதியரிடம் பேசக்கூடாது என்று நிலையத்தில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

மார்கழி மாதம். வாடைக் காற்று பின்னாலிருந்து தள்ள, படகு தெற்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் ஊர் மெல்லத் திறந்தது. மெரினா மணல், கலங்கரை விளக்கம், சாந்தோம் கோபுரம், அதற்குப் பின்னால் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் கண்ணாடி அடுக்குகள். உப்புக் காற்று. முழங்காலில் தெறித்த தண்ணீர். மகிழன் சாய்ந்து உட்கார்ந்து அப்படியே வாங்கிக்கொண்டிருந்தான். இதுவரை எல்லாம் முதல்தரம்.

டைட்டஸால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எங்க ஊட்டுக்காரி காலைல கெளம்பசொல்லோ இன்னாமோ சொன்னா சார். நான் வல எடுக்கிற குஷில காதுல போட்டுக்கல. இன்னிக்கி போனா இருக்குது எனக்கு."

மகிழன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தன்யாவும் என்னமோ சொன்னாளே.

வாசலில் நின்றாள். கையில் கரண்டி இருந்ததா? இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு அவள் பேசமாட்டாளே. என்ன சொன்னாள்? அவன் நினைவைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கடைசித் துண்டு மட்டும் வந்தது. யோசிச்சு சாயந்திரம் வந்து சொல்லு.

எதை யோசித்து?

பாலோ, மாத்திரையோ இல்லை. அதற்கெல்லாம் அவள் யோசிக்கச் சொல்லமாட்டாள், வாங்கிட்டு வா என்பாள். யோசிக்கச் சொல்கிறாள் என்றால் பெரியதாக ஏதோ. அவள் முகம் எப்படி இருந்தது? அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்தது. இப்படி ஒன்று தனக்கு வரும் என்றே அவனுக்குத் தெரியாது.

"படகைத் திருப்புங்க" என்றான்.

"இன்னா சார், இன்னும் முகத்துவாரமே வரல."

"பரவால்ல, திருப்புங்க. வீட்டுக்குப் போகணும்."

டைட்டஸ் அவனை ஒருமாதிரி பார்த்தார். "திருப்பலாம். ஆனா வாடை மூஞ்சிக்கு நேரா அடிக்கும். நேரா போவ முடியாது சார், இப்டி கொஞ்சம் அப்டி கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் போவணும். காத்து இன்னா ஆட்டோவா, மடக்கி ஓட்ட?"

திருப்பினார். அதன்பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. படகு கடலுக்குள் சாய்ந்து நெடுந்தூரம் போகும். பாயை மாற்றிக் கரைப் பக்கம் திரும்பும். கலங்கரை விளக்கம் இதோ வந்துவிட்டது என்று தோன்றும், மறுபடி தள்ளிப்போகும். எத்தனை வெட்டு வெட்டியும் அதே கலங்கரை விளக்கம் அதே இடத்தில் நின்றது. மகிழன் உட்கார்ந்தான், எழுந்தான், பாய்க்கயிற்றில் கால் தடுக்கி மறுபடி உட்கார்ந்தான். போன் கிடையாது, பதிவின்போது கையில் வைத்திருக்கக் கூடாது. வளையத்தைக் கழற்றப் பார்த்தான். அது நிலையத்தில்தான் திறக்கும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கரைக்குப் போனதும், வளையம் மாட்டியபின் மனதில் வந்த எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிடுவார்கள். கடலும் போகும், இந்தத் தவிப்பும் போகும். தன்யா என்னவோ கேட்டாள் என்பதே போய்விடும். அவன் பயந்துபோனான்.

"டைட்டஸ், ஒரு உதவி பண்ணுங்க. எடுத்து முடிச்சு நான் வெளிய வந்ததும் சொல்லுங்க. உன் பொண்டாட்டி என்னமோ கேட்டா, போய் அதைக் கேளுன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க."

"அதுக்கு இன்னா சார், சொல்லிட்டா போச்சு. நமக்கு வாய் எதுக்கு இருக்குது."

டைட்டஸ் வாக்குத் தவறவில்லை. நிலைய வாசலிலேயே காத்திருந்து, மகிழன் வெளியே வந்ததும் கையைப் பிடித்தார்.

"சார், உங்க ஊட்டம்மா காலைல இன்னாமோ கேட்டாங்களாம். ஊட்டுக்குப் போயி அத இன்னான்னு கேளுங்க. நீங்கதான் சொல்லச் சொன்னீங்க."

"நானா?" மகிழன் புன்னகைத்தான். மனம் துடைத்த தட்டு. "கேட்டிருப்பா. அவ எப்பவும் ஏதாவது கேட்டுட்டேதான் இருப்பா. ரொம்ப நன்றிங்க."

டைட்டஸ் தன் வீட்டைப் பார்க்கப் போனார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்? சேதியைச் சொல்லலாம். தவிப்பைச் சொல்ல முடியுமா?

சாயந்திரம் தன்யா எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏதாவது சொல்லணுமா மகி?"

"இல்லையே. என்ன சமையல்?"

அவள் எழுந்துபோய்த் தோசை சுட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை அவனிடம், வருகிற ஞாயிறு தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறேன், இனி அங்கேதான் இருப்பேன் என்று சொன்னாள். சண்டை போடுவான் என்று ஒரு நப்பாசை.

"அப்படியா, நல்லதுதான். பார்த்துப் போ" என்றான் அவன். அன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினான். தன்யா அழுதாள். அவன் எழுந்துகொள்ளவில்லை.

நிலையத்தின் சோதனைப்பொறி பயம், கோபம், வலி மூன்றையும் பிடித்துச் செதுக்கிவிடும். மகிழன் கடைசியில் பட்ட பயம் அப்படித்தான் சீவப்பட்டது. ஆனால் 'என்னமோ சொன்னாளே' என்கிற அரிப்பு இந்த மூன்றில் எதிலும் சேர்த்தி இல்லை. பொறி அதைக் கண்டுகொள்ளவில்லை. வழக்கம்போல் பெயரையும் முகத்தையும் மட்டும் சீவி எடுத்தது. அந்த இடத்தில், ஒட்டிக்கொள்பவர் வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் முகம் தானாகப் பொருந்திக்கொள்ளும். சனிக்கிழமை காலை 'சென்னைக் கடலோர உலா' எல்லாச் சாவடிக்கும் போயிற்று. வார இறுதி. ஊரே ஒட்டிக்கொண்டது.

மதியத்துக்குள் ஊர் ஒரு நிலையில் இல்லை. பஸ்ஸில் போனவர்கள் பாதி வழியில் இறங்கினார்கள். தியாகராய நகர் சலூனில் ஒருவர் பாதி மழித்த கன்னத்தோடு எழுந்து வீட்டுக்கு ஓடினார். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: காலையில என்னமோ சொன்னியே, என்ன? கேட்கப்பட்டவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். யாரிடமும் சொல்லாததென்று ஒன்று எல்லாரிடமும் இருந்தது. தென்காசியில் ஒரு அம்மா, சென்னை மகனிடம், "நான் ஒண்ணும் சொல்லலையேடா" என்று போனை வைக்கப்போனவர், "மூட்டு வலின்னு போன தீபாவளிக்குச் சொன்னேன், அதைக் கேக்கிறியா?" என்றார். அம்பத்தூரில் ஒருவர் ஏன்தான் கேட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவ்வளவு இருந்தது அவர் மனைவியிடம்.

நிலையத்துக்குப் புகார் மலைபோல் வந்தது. சாயந்திரத்தில் அது நின்று, நன்றிச் சேதியாக வர ஆரம்பித்தது. நிலையத் தலைவி சைலஜா மகிழனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் படகுல என்ன பண்ணினீங்களோ, அதையே திரும்பப் பண்ணணும் மகிழன். ஊரே கேக்குது."

"எந்தப் படகு மேடம்?" என்றான் மகிழன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எழும்பூர் ரயில் நிலையத்தில் தன்யா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் போனில் புருஷனை விடாமல் துளைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுத் தன்யாவிடம் அசடு வழியச் சிரித்தாள்.

"அந்தப் படகுப் பதியத்தை ஒட்டிக்கிட்டதுல இருந்து இப்படித்தாங்க. யாரோ என்னமோ சொன்ன மாதிரியே இருக்கு, நாம கேட்டுக்காத மாதிரியே இருக்கு."

"எந்தப் படகு?"

"காசிமேடு, அடையாறு. பாய்ப்படகு."

வியாழக்கிழமை மகிழன் போன உலா அது. தன்யா அவன் பதியங்களை ஒருபோதும் ஒட்டிக்கொண்டதில்லை. எனக்கு இல்லாத நிம்மதியை நான் ஏன் போய்ப் பார்க்கணும் என்பாள். இன்று எழுந்து டீக்கடைக்கு அடுத்த சாவடியில் போய் உட்கார்ந்தாள்.

உப்புக் காற்று வந்தது. கலங்கரை விளக்கம் வந்தது. பிறகு அந்தத் தவிப்பு வந்தது. உட்கார முடியாமல், எழ முடியாமல், வெட்டி வெட்டிப் போகும் படகில் கரை வராதா, வீட்டுக்குப் போய்க் கேட்கமாட்டோமா என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. அது யார் மனம் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளாவது இப்படித் தவித்துப் பார்த்துவிடவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள். தவித்திருக்கிறான். எனக்காகத் தவித்திருக்கிறான். சாவடிக்குள்ளேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் வாசலில் நின்றவர் முகத்தைச் சீவியிருந்தார்களே. அந்த இடத்தில் அவள் வீட்டில் இருப்பவன் முகம் வந்து பொருந்திக்கொண்டது. மகிழன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னமோ சொல்கிறான். அவள்தான் காதில் வாங்கவில்லை.

இது பதியம், பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி ஆட்டோ பிடித்தாள். அவள் பதிவு செய்திருந்த ரயில் அவள் இல்லாமல் போயிற்று.

மகிழன் கதவைத் திறந்தான். "என்ன, எதையாவது மறந்துட்டியா?"

அவள் அவன் முகத்தைத் தேடினாள். படகில் இருந்தவனை அங்கே காணோம். அந்த மகிழன் இன்று சென்னை முழுக்க இருந்தான், வீட்டில் மட்டும் இல்லை.

"மகி, என்கிட்ட என்னமோ சொன்னியே. என்ன அது?"

"நானா?" அவன் நிஜமாகவே யோசித்தான். "நான் ஒண்ணும் சொல்லலையே."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"இல்ல தன்யா. நான் என்னைக்கு என்ன சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. அவள் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போகும்போது அடுப்படியை எட்டிப்பார்த்து, கேஸை அணைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் எதுவும் சொல்லவில்லை, அது அவளுக்குத் தெரியும். கேட்டும் பார்த்தாயிற்று. ஆனாலும் என்னமோ சொன்னானே என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மகிழன் தன் வாழ்நாளில் பட்டது ஒரே ஒரு கவலை. அதுவும் கடைசியில் அவள் பங்குக்கே வந்து சேர்ந்துவிட்டது.