படம் 6: பின் அறை, மேற்குச் சுவர்

பெட்டிகள் காலியாக இருந்தன.

அறிக்கையில் ஆறு படங்கள் இருக்க வேண்டும். ஆறு இடத்திலும் மெல்லிய கோட்டால் ஆன ஒரு பெட்டி, மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி, படத்தைக் காட்ட முடியவில்லை என்ற ஒரு வரி. அதன் கீழே, படத்தில் என்ன இருக்கிறது என்று மென்பொருள் தானாக எழுதிக்கொள்ளும் குறிப்பு.

இது புதிதல்ல. அடமானத்துக்கு வரும் வீடுகளைத் தம்பி போய்ப் பார்த்துப் படமெடுத்து அறிக்கை எழுதுவான். அவள் அலுவலகத்தில் அதைச் சரிபார்த்து வங்கிக்கு அனுப்புவாள். போன மாதம் அவன் வேறு இயங்குதளம் உள்ள மடிக்கணினி வாங்கினான். அன்றிலிருந்து அவனிடம் தெரியும் படம் அவளிடம் தெரிவதில்லை. குறிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடும், அதுவும் பாதி நேரம் உளறலாக. அலுவலகக் குழுப் படத்தில் மேலாளரை ‘அலமாரி’ என்று எழுதியிருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் அவர் அன்றிலிருந்து அலமாரிதான்.

அவள் தம்பியை அழைத்தாள். அவனுக்குப் பின்னால் பேருந்து ஒன்று மூச்சுவிட்டு நின்றது.

“மறுபடியும் வரலடா.”

“எனக்குப் பளிச்சுனு தெரியுதுக்கா. உன் டப்பாவைத் தூக்கிப் போடு.”

“பேசாம பிடிஎஃப்பா மாத்தி அனுப்பு. நாலு மணிக்குள்ள போகலைன்னா அலமாரி என் மேல சாயும்.”

“அனுப்பறேன். அஞ்சு மணிக்கு அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன்.”

அம்மாவுக்கு ஒரு கண்ணில் கட்டு. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும். பத்து நாட்களாகக் குரலை வைத்துத்தான் ஆள் அறிகிறாள்.

காத்திருந்த நேரத்தில் குறிப்புகளைப் படித்தாள். மதிய வெயில் கண்ணாடிச் சன்னல் வழியே மேசையில் கிடந்தது. குளிரூட்டியிலிருந்து ஈரத்துணி வாடை வந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் அச்சு இயந்திரம் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் துப்புவதுபோல இழுத்து இழுத்து ஓடியது.

படம் 1. ‘அறை. சன்னல்.’

படம் 2. ‘அறை. கதவு. தொலைவில் ஓர் ஆண்.’

படம் 4. ‘ஓர் ஆணின் முதுகு. நீல நிறப் பை.’

தம்பியின் பை நீலம்.

கண்ணாடி ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்தாள். முதுகு எப்படிக் கண்ணாடியில் தெரியும் என்பதை அதற்கு மேல் நினைக்கவில்லை. பிடிஎஃப் வந்தது. ஐந்து படங்கள் திறந்தன. வெறும் அறைகள், வெள்ளைச் சுவர்கள். ஆள் இல்லை. கண்ணாடியும் இல்லை. ஆறாவது பெட்டி மட்டும் அதிலும் காலி.

‘ஓர் ஆணின் பின்கழுத்து. வியர்வை.’

மேலாளர் கதவருகே வந்து நின்றார். “என்னம்மா, முடிஞ்சுதா?”

“ஒரு படம் மட்டும் வரல சார். பின் அறை.”

“அறைக்கு ஒரு படம் இல்லாம பேங்க் எடுக்காது. தம்பியைத் திரும்பப் போய் எடுக்கச் சொல்லு. சாவி அவன்கிட்டதானே இருக்கு.”

அறிக்கையில் சேர்த்ததும் கேமராவில் படத்தை அழித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. தம்பி விதி தவறாதவன். அவள் ஒரு கணம் அந்த வரியைப் பார்த்தாள். உளறல். அலமாரி என்று எழுதிய அதே மென்பொருள். மறுபடி அழைத்தாள்.

“டேய், பின் அறை மட்டும் திரும்ப எடுத்துடேன்.”

“அந்த ரூமாக்கா?”

“ஏன்?”

“ஒண்ணுமில்ல. யாரோ அப்பத்தான் எழுந்து போன மாதிரி சூடா இருந்துச்சு.”

“வெயிலா இருக்கும். அஞ்சு நிமிஷ வேலைடா.”

“சரி. ஃபோனை வைக்காத.”

அவள் வைக்கவில்லை. செருப்புச் சத்தம். சாவி. கதவின் முனகல். காலி வீட்டில் அவன் நடை எதிரொலித்து ஒவ்வொரு அறையாக உள்ளே போனது. கேமராவின் சிறு சொடுக்கு. பிறகு எதிரொலி நின்றது. தெருச் சத்தமும் நின்றது. தம்பியின் குரல் மட்டும், பஞ்சுக்குள் வைத்துப் பேசுவதுபோல.

“எடுத்துட்டேன்க்கா. அனுப்பிட்டேன். படம் தெரியுதா?”

திறந்தாள். பெட்டி. பெருக்கல் குறி.

‘தரை. படுத்திருக்கும் ஓர் ஆண். கண்கள் திறந்துள்ளன.’

“படம் தெரியுதாக்கா?”

“டேய், வெளிய வா.”

“படம் தெரியுதாக்கா?”

அதே ஏற்றம். அதே இறக்கம். மூச்சு இல்லை.

“இல்லடா. தெரியல. நீ முதல்ல வெளிய வா.”

“சரிக்கா. இன்னொண்ணு எடுக்கறேன்.”

சொடுக்கு.

‘தரை. ஓர் ஆண். நீல நிறப் பை.’

“தெரியுதாக்கா?”

“வேணாம். போதும்.”

“இன்னொண்ணு எடுக்கறேன்.”

சொடுக்கு.

‘தரை. நீல நிறப் பை.’

“தெரியுதாக்கா?”

இல்லை என்றால் இன்னொன்று எடுக்கும். எடுக்கும் என்றுதான் மனதில் வந்தது, எடுப்பான் என்று வரவில்லை.

“தெரியுது,” என்றாள். “நல்லாத் தெரியுது.”

“சரிக்கா. அப்ப வீட்டுக்குப் போறேன். அம்மா காத்திருப்பாங்க.”

இணைப்பு அறுந்தது.

அந்த வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். அவள் உடனே அம்மாவை அழைத்தாள். மணி அடித்தது. அடித்தது. அம்மா எடுத்தாள்.

“அம்மா, கதவைப் பூட்டிக்கோங்க. யார் வந்தாலும்—”

“யாரு வரப் போறா? இவன்தான் வந்துட்டான். வாசல்ல நின்னு கூப்பிடறான்.”

“அது அவன் இல்லம்மா.”

“என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? கண்ணுதான் போச்சு, காது இருக்கு. வை.”

“அம்மா. திறக்காதீங்க. அம்மா.”

ஃபோன் மேசையில் வைக்கப்படும் சத்தம். சுவரைத் தடவியபடி போகும் நடை. தாழ்ப்பாள்.

திரையில் புது ஆவணம் வந்திருந்தது. ஒரே பக்கம். ஒரே பெட்டி.

‘வாசல். வயதான பெண். புன்னகை.’

பெருக்கல் குறி மறைந்தது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக, படம் திறக்கத் தொடங்கியது. நிலைப்படி. வெள்ளைக் கட்டு. சிரிப்பு. பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்க்க நீட்டிய அம்மாவின் இரண்டு உள்ளங்கைகள், பெட்டி நிறைய, மிகத் தெளிவாக.