ஆறாம் வகுப்பின் சிவப்பு அட்டை

கடவுளே, இந்த அட்டை யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதா?

இசக்கிச்செல்வி இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டாள். அப்போதும் சிவப்பு ஓரம் வெளியே தெரிந்தது.

ஆறாம் வகுப்பில் அது ஒரு வழக்கம். ஆங்கிலம் பேசும்போது காலத்தை மாற்றிச் சொன்னவர் கழுத்தில் அட்டை தொங்கும். அடுத்து யாராவது தப்பாகச் சொன்னால் அவர் கழுத்தில் மாட்டிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது அட்டை வைத்திருப்பவர், மறுநாள் காலை பிரேயரில் அதோடு நிற்க வேண்டும்.

அதனால் பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் நாளைக்குச் செய்யப்போவதையே சொன்னார்கள். 'வில்' போட்டால் போதுமே! ஆறாம் வகுப்பில் நேற்று யாரும் எதுவும் செய்வதில்லை.

இசக்கிச்செல்விதான் ஆசையாக, "யெஸ்டர்டே ஐ கோ குற்றாலம்" என்று சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, நேத்து கிளம்பினவ இன்னும் போய்ச் சேரலையா?" என்றான் மணிகண்டபிரபு. வகுப்பே சிரித்தது.

நாளைக்குப் பெற்றோர் கூட்டம். பிரேயருக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்குகிறவர். "எம்மவ இங்கிலீசுல பேசுதா" என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அட்டையோடு நிற்கும் மகளைப் பார்த்தால் அவர் முகம் எப்படி ஆகும்?

கடைசிப் பீரியட். அகிலாண்டேஸ்வரி டீச்சர் ஜாஹிரா பீவியை எழுப்பினார். புளியறையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள். வாயே திறக்கமாட்டாள். அவள் அம்மா வெகுநாளாக ஆஸ்பத்திரியில் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"நேத்து என்ன நடந்தது? இங்கிலீஷ்ல சொல்லு."

ஜாஹிராவின் முகம் மலர்ந்தது. "யெஸ்டர்டே மை மதர் கம் ஹோம்!"

உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிக்கிட்டா! மாட்டுட்டி செல்வி, மணி அடிக்கப்போவுது!" என்று மணிகண்டபிரபு குதித்தான்.

இசக்கிச்செல்வியின் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. அப்பாடா, தப்பித்தோம்! ஒரு நொடி உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜாஹிரா யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்து கழுத்தை நீட்டினாள்.

அதைப் பார்த்ததும் இசக்கிச்செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. அட்டையைவிட அந்தச் சந்தோஷம்தான் அதிகமாகக் கூச வைத்தது.

"என்ன யோசிக்கிற செல்வி? மாட்டிவிடு" என்றார் டீச்சர்.

அவள் கயிற்றை விட்டாள்.

"ஒங்க அம்மா வந்துட்டாங்களா?" என்று ஜாஹிராவிடம் கேட்டாள். ஜாஹிரா தலையாட்டினாள்.

இசக்கிச்செல்வி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் மெதுவாக. "எங்கிட்டயே இருக்கட்டும்."