கம்பி முறுக்கிக்கு வந்த எதிர்ப்பு

மனித குலத்தின் வாழ்வைப் புரட்டிப் போட்ட கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், ஓடைப்பட்டி நல்லகண்ணுவின் பந்தல் கம்பி முறுக்கி. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் நல்லகண்ணு. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பேட்டன்ட் எடுக்காமல் விட்டது அவர்களுடைய அறியாமை என்பது அவர் கருத்து.

2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், கம்பம் ஊரில் விதைக்கடை மாடியில் இருந்த ‘சர்வதேசத் துப்பறியும் நிலைய’த்தின் படியேறி அவர் வந்தார். நிலையத்தின் உரிமையாளர் பீட்டர்ராஜ், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வதுதான் அவருடைய பிரதான தொழில். இரண்டு மாப்பிள்ளைகளுக்காகக் குமுளியைத் தாண்டிக் கேரளாவுக்குள் போக வேண்டியிருந்தது. பெயர்ப் பலகையில் ‘சர்வதேசம்’ அதற்குப் பிறகு சேர்ந்தது. அவருக்கு உதவியாளர் அபிதா, உத்தமபாளையம் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். கோர்ட்டில் யாரும் பேச விடாததால் இங்கே வந்து பேசுவாள்.

“சார், என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்,” என்றார் நல்லகண்ணு.

“யாரு?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான இங்கன வந்தது.”

விஷயம் இதுதான். திராட்சைக் குலைகளின் பாரத்தில் பந்தல் கம்பிகள் தொய்ந்துவிடும். இழுத்துக் கட்ட நான்கு ஆள் வேண்டும். நல்லகண்ணு தன் லேத் பட்டறையில் செய்த கருவியை வைத்து ஒரே ஆள் கைப்பிடியைச் சுற்றி இறுக்கிவிடலாம். 2006 பிப்ரவரியில் பேட்டன்ட் கேட்டு சென்னைக்கு விண்ணப்பம் போட்டார். இப்போது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அந்த விண்ணப்பத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ள வந்திருக்கிறது. பதிலுக்கு ஓடைப்பட்டியிலேயே ஒரு தொழிற்கூடம் கட்டி, இருபது பேருக்குத் தலைவராக அவரை உட்கார வைக்கும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் அழியாமல் நிற்கும். ஜூன் முப்பதாம் தேதி கையெழுத்து.

அதற்குள் பதிவுத் தபாலில் ஓர் எதிர்ப்பு மனுவின் நகல் வந்துவிட்டது. அவருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. எதிர்ப்பு வாபஸ் ஆகாமல் கையெழுத்துக் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

“பேட்டன்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் எதிர்க்கலாம் சார்,” என்றாள் அபிதா, நாற்காலி நுனிக்கு வந்து. “விண்ணப்பம் போடறதுக்கு முன்னயே அந்தக் கருவி ஊருக்குள்ள புழக்கத்துல இருந்துச்சுன்னு காட்டிட்டாப் போதும். கதை முடிஞ்சுது. இதுக்கு ஃபீஸ்கூடக் கிடையாது.”

“கிடையாதா?” பீட்டர்ராஜ் வியந்தார். “அப்ப நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணே ஒண்ணு போனதுதான் அதிசயம்.”

மனுவைக் கொடுத்திருந்தது ‘அகில உலகத் திராட்சை உழவர் உரிமை மீட்புப் பேரவை’. அதன் செயலாளராகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அம்மாவாசி. ஆதாரமாக ஒரு போட்டோ இணைக்கப்பட்டிருந்தது.

போட்டோவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். நல்லகண்ணுவின் மச்சான் கருத்தக்கண்ணனின் மகளுக்கு 2005 வைகாசியில் நடந்த காதணி விழாவுக்கானது. நடுவில் கிரீடத்துடன் அந்தப் பெண். கீழே வரிசையாகச் செல்போனைக் காதில் வைத்த உறவினர்கள். அவர்களில் நல்லகண்ணு ஒரு தீப்பெட்டி அளவில் இருந்தார். மேலே வெள்ளை மேகங்களுக்கு நடுவே, கருத்தக்கண்ணனின் தந்தை சின்னக்கருப்பு மாலையுடன் கைகூப்பி ஆசி வழங்கிக்கொண்டிருந்தார். பேனருக்கு முன்னால், பளபளவென்று, கம்பி முறுக்கி.

“இதுல இருக்கறது என் மாமனாரு, என் சம்சாரம், என் மச்சான். எல்லாம் நெசம்,” என்றார் நல்லகண்ணு. “ஆனா அன்னிக்கு இந்தக் கருவி என் மண்டைக்குள்ளயே வரல சார். கம்ப்யூட்டர்ல ஒட்டுன வேலை. செஞ்சது எங்கிட்ட வேலை பார்த்த சகாய பிரவீன். சண்டை போட்டுட்டுப் போய்க் காமயகவுண்டன்பட்டியில தனிப் பட்டறை போட்டிருக்கான். அவனுக்கு எம்மேல பொறாமை.”

அபிதா பூதக்கண்ணாடியை எடுத்தாள். கருவியின் நிழல் பேனரின் மேல் மடிந்து விழுந்திருந்தது. கைப்பிடி ஓரத்தில் பேனர் துணியின் சுருக்கம் தெரிந்தது. “ஒட்டல சார். கருவியை பேனருக்கு முன்னாடி வச்சு எடுத்த அசல் போட்டோதான்.”

பிறக்காத கருவி விழாவுக்கு வந்திருந்தது. பீட்டர்ராஜ் டீயைக் குடித்தார்.

மறுநாள் அம்மாவாசியைத் தேடிப் போனார்கள். அகில உலகப் பேரவையின் செயலாளர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

“மினி பஸ் கேட்டு மனுன்னு சொன்னாக, போட்டேன்.”

“யாரு சொன்னாக?”

“காளியம்மன் கோயில்ல சூடத்த அடிச்சு அணைச்சிருக்கேன்யா. சொன்னா வாய் வெந்துரும்.” சற்று யோசித்து, “மினி பஸ் வருமா?” என்று கேட்டார்.

சகாய பிரவீன் எதையும் மறைக்கவில்லை. “பொறாமை இல்லன்னு சொன்னாப் பொய் சார். அதுக்குப் பல்சக்கரம் வெட்டுனது நானு. பேப்பர்ல அவர் பேரு மட்டும் இருக்கு. தூக்கம் வருமா? ஆனா எதிர்க்கணும்னா என் பேர்லயே எதிர்ப்பேன்ல.”

“அந்தக் காதணி விழாவுக்குப் போயிருந்தியா?”

“ஜெனரேட்டர் பாத்துக்கிட்டது நான்தான். பந்தியில பெரியவர் சின்னக்கருப்புக்குப் பக்கத்து எலை. மனுசன் ரெண்டு தடவ பாயாசம் கேட்டு வாங்குனாக. கருவி கிருவி எதுவும் அங்கன இல்ல.”

“இவன்தான் சார்,” என்றாள் அபிதா, வெளியே வந்ததும். “விழாவுல இருந்திருக்கான், கருவி செய்யத் தெரியும், பொறாமையை வாயாலயே ஒத்துக்கிட்டான்.”

“பொறாமையை ஒத்துக்கிட்டவன் பாதி ஆறிப்போனவன்,” என்றார் பீட்டர்ராஜ். “ஒத்துக்காதவனைத்தான் தேடணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் நல்லகண்ணுவின் பட்டறையில் கூடினார்கள். நல்லகண்ணு, அவர் மனைவி சுருளியம்மாள், சகாய பிரவீன், அம்மாவாசி. கடைசியாகக் கருத்தக்கண்ணன், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். ஊரின் முதல் வீடு அவருடையது. ‘திராட்சைச் செம்மல்’ என்ற பட்டமும் அவருடையது. வழங்கிய அமைப்புக்கும் அவரே தலைவர்.

“எந்தப் பய செஞ்சானோ மாப்ள,” என்றார் அவர், நல்லகண்ணுவின் தோளில் கை வைத்து. “என் வீட்டு விசேசத்தைப் போய் இதுக்கு இழுத்திருக்கான். நீ மனசை விடாத.”

பீட்டர்ராஜ் போட்டோவை லேத் மேல் வைத்தார். “சுருளியம்மா, உங்க அப்பா எப்பத் தவறினாக?”

“ரெண்டு வருசம் ஆகப்போகுது சார். 2006 ஆடியில.”

“2005 வைகாசியில பிரவீனுக்குப் பக்கத்துல உக்காந்து ரெண்டு தடவ பாயாசம் சாப்பிட்டிருக்காக. ஆனா அதே விழாவோட பேனர்ல, மேகத்துக்குள்ள மாலையோட நிக்கறாக. நீங்க யாரும் கவனிக்கலையா?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“பாத்தேன்,” என்றார் நல்லகண்ணு மெதுவாக. “இருக்க வேண்டிய எடத்துலதான இருக்காகன்னு விட்டுட்டேன்.”

“அப்ப போட்டோ அசலு, பேனர்தான் போலி,” என்றாள் அபிதா. “பெரியவர் செத்ததுக்கப்புறம் பழைய தேதியைப் போட்டுப் புதுசா அடிச்சிருக்காங்க. எதிர்ப்பு நிக்காது.” பிறகு பிரவீன் பக்கம் திரும்பினாள். “அடிச்சது யாரு?”

“அவனாக இருக்க முடியாது,” என்றார் பீட்டர்ராஜ். “பிரவீன் அடிச்சிருந்தா, பெரியவரைப் பந்தியில பார்த்த மாதிரியே கீழ் வரிசையில போட்டிருப்பான். செத்தவராச்சேங்கற கூச்சம் அவனுக்குக் கிடையாது. சரி, நடந்தது நடந்துபோச்சு. கருத்தக்கண்ணன் அண்ணே, நீங்க ஒரு உதவி பண்ணணும். பழைய பேனர் எப்படி இருந்துச்சுன்னு சென்னைக்குக் காட்டணும். பெரியவரைக் கீழ இறக்கி, உங்க பக்கத்துலயே நிறுத்தி, புதுசா ஒண்ணு அடிச்சுத் தாங்க.”

கருத்தக்கண்ணனின் முகம் சுருங்கியது. “செத்தவரைக் கொண்டாந்து உசுரோட இருக்கறவன் பக்கத்துல நிறுத்தறதா? வீட்டுக்கு ஆகாதுல்ல. ஃப்ளெக்ஸ்காரன் கீழதான் போடறேன்னான், நான்தான் விடல...”

அம்மாவாசி தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேகவில்லை.

“பழைய பேனரு மழையில நைஞ்சு போச்சு,” என்றார் கருத்தக்கண்ணன், யாரும் கேட்காமலே. “கருவி என் தோட்டத்துல ஒண்ணு கெடந்துச்சு.”

“ஏன் மச்சான்?” என்றார் நல்லகண்ணு.

“ஏனா? கோயம்புத்தூர்க்காரன் காரை என் வாசல்ல நிறுத்தினான். ஊர்ல மொத வீடு, மாடி வீடு. என்னைத்தான் பார்க்க வந்திருக்கான்னு சட்டையைப் போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். நல்லகண்ணு வீடு எதுன்னு எங்கிட்டயே கேட்டான். கைகாட்டி விட்டேன் மாப்ள, இந்தக் கையால. பஸ்ல ஏறினா கண்டக்டர், நீங்க கம்பி முறுக்கிக்காரர் மச்சானாங்கறான். என் தோட்டம், என் கம்பி, என் திராட்சை. முறுக்குனது மட்டும்தான் நீயி.”

சுருளியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். “அதுக்கு அப்பாவையும் பொய்ச் சாட்சிக்கு இழுத்துட்டியேண்ணே.”

நல்லகண்ணு கோபப்பட முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒருவர் ஃப்ளெக்ஸ் அடிக்கும் அளவுக்கு வெந்திருக்கிறார் என்பதில் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தது. ஓரத்தில் நின்ற பிரவீன், “பல்சக்கரம் வெட்டுனது...” என்று ஆரம்பித்தான். அது அவருடைய காதில் விழவில்லை.

அன்றே வாபஸ் கடிதம் எழுதப்பட்டது. அகில உலகப் பேரவைக்காக அம்மாவாசி, இந்த முறை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜூன் முப்பதாம் தேதி பத்திரமும் கையெழுத்தானது.

ஜூலை முதல் வாரம், பெயர் மாற்றக் கேட்கும் மனு, பத்திரம், வாபஸ் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஆள் சென்னைக்குப் போனார். சட்டம் தெரிந்தவள் என்று அபிதாவும் கூடப் போனாள். பேட்டன்ட் அலுவலக எழுத்தர் மற்ற காகிதங்களை வாங்கிக்கொண்டு, வாபஸ் கடிதத்தை மட்டும் கையில் வைத்து யோசித்தார். எதிர்ப்பு மனு கோப்பில் இருந்தது. அதை யாரும் பரிசீலனைக்கு எடுக்கவில்லை. விண்ணப்பதாரர் தன் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி தனியாக ஒரு மனு கொடுத்த பிறகுதான், விதிப்படி, எதிர்ப்பைப் பரிசீலிப்பார்கள்.

பரிசோதனை கேட்கும் அந்த மனுவை நல்லகண்ணு இரண்டு வருடமாகக் கொடுக்கவே இல்லை.