சோம்பேறி விதைகள்

கோமலின் வயிற்றில் சுரைக்காய் முளைத்துக்கொண்டிருந்தது.

பயந்துவிடாதீர்கள். வயிற்றுக்குள்ளே இல்லை, வயிற்றுக்கு மேலேதான். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் ஈரத்துணியில் கட்டிய ஒரு மூட்டை, அதற்குள் சுரை விதைகள். மூட்டை நழுவிவிடாமல் அம்மாவின் பழைய துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கு தோண்டி முடிந்ததும் அடுத்த வேலை கோடைக் காய்கறிதான். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் போச்சு! ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சுரைக்காய் காய்க்கும். அப்புறம் சந்தையில் அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குளிரிலேயே விதைக்கலாம் என்றால் மண் ஜில்லென்று கிடக்கும், விதை கண்ணே திறக்காது. அதனால் விதையை ஊறவைத்து, துணியில் கட்டி, கதகதப்பான இடத்தில் வைத்து, முளை எட்டிப் பார்த்த பிறகு குழியில் போடுவோம். சிலர் மூட்டையை வைக்கோலுக்குள் வைப்பார்கள். சிலர் அடுப்புக்குப் பின்னால் வைப்பார்கள். கோமல் வீட்டில் எப்போதும் அம்மாவின் இடுப்புதான்.

இந்த வருஷம் அந்த இடுப்பைக் கோமலின் தம்பி பிடித்துக்கொண்டான். கைக்குழந்தை, இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டுவான்.

"அப்பா கட்டிக்கட்டுமே" என்றாள் கோமல்.

"உங்க அப்பாவா? நாள் முழுக்க வாய்க்கால் தண்ணியில நிக்கற மனுஷன். விதைக்கு ஜலதோஷம் பிடிச்சுரும்!"

"அப்ப நான் கட்டிக்கறேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. துணி காயவும் கூடாது. முடியுமா உன்னால?"

"ஓ, முடியுமே!"

சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டாள். ஈரத்துணியை வயிற்றில் கட்டியதும் "அய்யய்யோ!" என்று ஒரு துள்ளுத் துள்ளினாள். அம்மா முறைத்தாள். அதோடு துள்ளலும் நின்றது.

அப்பா முற்றத்து மண்ணில் குச்சியால் வயலை வரைந்து காட்டினார். "வேலி ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் சுரை. வரப்போரம் வெண்டை. வாய்க்கால் ஓரம் பாகல். வியாழக்கிழமை நமக்குத் தண்ணி முறை. அன்னைக்கு முளை தயாரா இருக்கணும் கோமல். அன்னைக்கு விட்டா அடுத்த முறைக்குள்ள ஊரே விதைச்சு முடிச்சிரும்."

"இருக்கும்ப்பா" என்றாள் கோமல். மூட்டையின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில்தான் பாடு. காலையில் எல்லாரும் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்தார்கள். கோமல் மட்டும் கம்பு மாதிரி நின்றாள்.

"என்ன கோமல், வயித்து வலியா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். சுரைக்காய்."

"சாப்பிட்டது ஒத்துக்கலையா?"

"இன்னும் காய்க்கவே இல்ல மேடம்!"

மேடம் டவுனிலிருந்து வருகிறவர், பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் லவ்குஷ். கோமலின் அடுத்த வீட்டுக்காரன். வயலும் அடுத்த வயல்தான். இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே நாளில் தண்ணீர்.

"கொக்கொக்கோ! அடைக் கோழி! எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று அவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"போடா! உங்க விதை எங்க இருக்கு?"

"எருக்குழியில. எங்க அப்பா என்கிட்டதான் குடுத்தாரு. ஓரமா வைன்னாரு. ஓரத்துல சூடு எங்க இருக்கு? புதுச் சாணியில ஆவி பறக்குது பாரு, அங்க ஆழமாத் தோண்டி வச்சிருக்கேன். உன் விதை கண்ணு முழிக்கறதுக்குள்ள என் விதை கொடியே விட்டுரும்!"

கோமலுக்கு எரிச்சலாக வந்தது. ஓடிப் போய் ஒரு குட்டு வைக்கலாம் என்றால் ஓடவும் கூடாதே! நடந்தே போனாள். அதற்குள் அவன் மாயமாகிவிட்டான்.

புதன்கிழமை மாலை அம்மா மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். பெரும்பாலான விதைகளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஒரு பிடி விதைகள் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே கிடந்தன.

"இதுங்க சோம்பேறிங்க. எப்பவும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "நாளைக்கு மாட்டுக்குப் போட்டுரலாம்."

அப்போது வாசல் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. லவ்குஷ்! கையில் அவன் வீட்டு விதை மூட்டை. கோமல் வெளியே வந்து அதைப் பிரித்தாள். விதைகள் பழுப்பேறி வழவழத்துக் கிடந்தன. ஒன்றை நசுக்கினாள். வேகவைத்த பருப்பு போலப் பிதுங்கியது.

"வெந்து போச்சு" என்றான் லவ்குஷ். "புதுச் சாணிச் சூடு அவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது கோமல். வீட்டுல வேற விதையே இல்ல. நாளைக்குத் தண்ணி வருது. அப்பா குழியெல்லாம் வெட்டி வச்சுட்டாரு. அவருக்கு இன்னும் தெரியாது." அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அன்றைக்கு அவனைக் குட்ட வேண்டும் என்று நினைத்தவள் இப்போது தன் ஸ்வெட்டர் கையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவனை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்பா, லவ்குஷ் வீட்டு விதை வெந்து போச்சு. நம்ம முளையில பாதி அவங்களுக்குக் குடுக்கலாமா?"

அப்பா ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். "பாதியா? குழிக்கு ரெண்டு முளை போடணும்னு தெரியுமில்ல?"

"ரெண்டு போட்டு என்னப்பா செய்வோம்? கொஞ்சம் வளந்ததும் ஒண்ணைப் பிடுங்கித் தூரப் போட்டுருவோம். அந்தத் தூரப் போடறதை இப்பவே அவங்களுக்குப் போட்டா என்ன?"

"வண்டு வந்தா? ஒண்ணை அது தின்னா இன்னொண்ணு நிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு. ஒத்தையாப் போட்டு, அதுவும் போயிட்டா அந்தக் குழி காலி. கோடை முழுக்க வெறும் மண்ணைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

அப்பா சொன்னதும் நியாயம்தான். கோமல் யோசித்தாள். துணியில் கிடந்த சோம்பேறி விதைகள் கண்ணில் பட்டன.

"அப்பா! இதுங்களை மாட்டுக்குப் போட வேண்டாம். நான் இன்னும் கொஞ்ச நாள் வயித்துல கட்டிக்கறேன். முளைச்சதும் டீக்கடை மண் குவளையில நட்டு வைக்கறேன். எங்க குழி காலியாகுதோ, குவளையை உடைச்சு அங்க வச்சுரலாம். ரெண்டு வீட்டுக்கும் ஆகும்."

"முளைக்கலைன்னா?"

"முளைக்க வைப்பேன்!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியைத் தட்டிக்கொண்டே, "சுமந்தது அவதானே, நீங்களா? சுமந்தவ சொல்றா, கேளுங்களேன்" என்றாள்.

அப்பா மிச்ச ரொட்டியை மென்று விழுங்கினார். பிறகு, "சரி. குடு. ஆனா வண்டு வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

இனி லவ்குஷின் அப்பாவிடம் சொல்ல வேண்டும். மேவாலாலுக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கோமலுக்கு அவர் தாவூ, அதாவது பெரியப்பா முறை; லவ்குஷுக்குக் கோமலின் அப்பா சாச்சா, சித்தப்பா முறை.

"நீயே சொல்லிரு கோமல்" என்று கெஞ்சினான் லவ்குஷ்.

"ம்ஹூம். நீதான் சொல்லணும். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

லவ்குஷ் சொன்னான். பாதிதான் வார்த்தையாக வந்தது, மீதி அழுகையாக வந்தது. மேவாலால் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. கோமல் மெதுவாக முளைவிட்ட விதைகளை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது உங்களுக்கு, தாவூ. அப்பா குடுக்கச் சொன்னாரு."

மேவாலால் விதைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்களுக்குப் பத்துமா மகளே?" என்று மட்டும் கேட்டார்.

"பத்துற மாதிரி பண்ணிருவோம்!"

மறுநாள் இரண்டு வயலிலும் விதைப்பு நடந்தது. குழிக்கு ஒரே ஒரு முளை. மேவாலால் தன் வயலை முடித்துவிட்டுக் கோமல் வீட்டு வயலுக்கும் வந்து மண் மூடினார்.

சோம்பேறி விதைகள் மட்டும் கோமலின் வயிற்றில் இருந்தன. அவள் கம்பு மாதிரி நடந்தாள், கம்பு மாதிரி தூங்கினாள். இப்போது யாராவது "கொக்கொக்கோ" என்றால் லவ்குஷ் அவர்களோடு சண்டைக்குப் போனான். டீக்கடை வாசலில் கிடந்த மண் குவளைகளைக் கூடை கூடையாகப் பொறுக்கி வந்தவனும் அவன்தான். ஒரு வழியாகச் சோம்பேறிகளும் கொட்டாவி விட்டு எழுந்தன. ஒரு பாதி குவளைகள் கோமல் வீட்டுச் சுவரோரம் இருந்தன, மறுபாதி லவ்குஷ் வீட்டுச் சுவரோரம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்தக் கல்யாணம் வரும் வரைக்கும்.

மாமா பெண்ணுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? கோமல் வீட்டில் எல்லாரும் கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், சுவரோரம் இருந்த குவளைகளில் ஒரு செடிகூட இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு நின்ற அவர்கள் ஆடு, ஒன்றும் தெரியாத மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி!" என்று கத்திவிட்டுக் கோமல் வயலுக்கு ஓடினாள். அப்பா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

வேலிப் பக்கத்து வரிசைகளில் இலையே இல்லை. வெறும் தண்டுகள். சிவப்பு வண்டுகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போயிருந்தன. அப்பா ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அவர் திட்டாமல் இருந்தது கோமலுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். 'எல்லாம் என்னாலதான். ரெண்டு முளை போட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?'

"கோமல்! அழாத, நான் வந்துட்டேன்!"

வரப்பு மேல் லவ்குஷ் தள்ளாடித் தள்ளாடி வந்தான். தலையில் பெரிய கூடை. கூடை நிறைய மண் குவளைகள். ஒவ்வொரு குவளையிலும் கொழுகொழுவென்று ஒரு சுரைச் செடி, இலையெல்லாம் சாம்பல் பூசியிருந்தது.

"தினமும் விடியறதுக்கு முன்னால அடுப்புச் சாம்பலைத் தூவினேன்" என்று மூச்சு வாங்கினான். "பனி ஈரத்துல சாம்பல் ஒட்டிக்கும், வண்டு கிட்டயே வராது. நீங்க ஊருக்குப் போனதும் உங்க வயலுக்கும் தூவ வந்தேன் சாச்சா. எங்க வயலை முடிச்சுட்டு வர்றதுக்குள்ள வண்டுங்க இங்க விருந்து சாப்பிட்டு முடிச்சிருச்சுங்க. மிச்சத்தைத்தான் காப்பாத்த முடிஞ்சுது."

அப்பா அவனையே பார்த்தார். "உங்க வயல்ல காலிக் குழி இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. அதுக்கு அப்புறம் பார்க்கலாம். முதல்ல உங்களுது."

அப்பா மண்வெட்டியை எடுத்தார். லவ்குஷ் குவளையின் அடியைத் தட்டி உடைத்தான். கோமல் வேர் கலையாமல் மண்ணோடு செடியை இறக்கினாள். வேலியோரத்தில் ஒவ்வொரு குழியாக நிரம்பியது. கடைசிக் குழியும் நிரம்பிய பிறகு கூடையில் சில குவளைகள் மிச்சம் இருந்தன.

"இது உங்களுக்கு" என்றாள் கோமல்.

"வாடா, அதையும் நட்டுட்டு வருவோம்" என்று அப்பாவே கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வெயில் ஏறியது. கொடிகள் படர்ந்தன. சாயங்காலமானால் இரண்டு வயலிலும் வெள்ளைப் பூ பூத்தது. எது நேரே குழியில் நட்டது, எது குவளையில் வளர்த்தது என்று லவ்குஷுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த மாதிரியே எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஊரில் வேறு யார் வயலிலும் பிஞ்சுகூட விடாதபோது கோமல் வீட்டு வேலியோரத்தில் முதல் சுரைக்காய் தொங்கியது.

"லவ்குஷ், நீ பறி" என்றார் அப்பா.

"நானா? கோமல் என்னைச் சும்மா விடுவாளா?" 

கோமல் கொஞ்சம் யோசித்தாள். "நீ காயைப் பிடிச்சுக்கோ. நான் காம்பை அறுக்கறேன்."

அவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். அவள் அறுத்தாள். அம்மா அதைச் சரிபாதியாக வெட்டி ஒரு பாதியை அவன் கையில் கொடுத்தாள்.

அன்று இரண்டு வீட்டு அடுப்பிலும் அந்த ஒரே காய்தான் வெந்தது.