பாதாம் போடாத அதிரசம்

கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல், காலில் செருப்புகூட இல்லாமல் மலர்க்கொடி வேதகிரியின் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு வேதகிரி அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் பழைய கேஸ்களைக் கேட்பதற்காகவே தினமும் கடையை மூடிவிட்டு வரும் வாடகை சைக்கிள்காரன் செங்கேணியும் இருந்தான்.

மூச்சு வாங்க அவள் சொன்னது இதுதான். அவள் கணவன் தானியேல், உத்திரமேரூரில் பி.யூ.சி. தவறியவர்களுக்கு மாலையில் ரசாயனம் நடத்துபவன். இந்த வாரம் நறுமணச் சேர்மங்கள் பாடம். அவனிடம் படிக்கும் ராஜாராம் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. இன்று மதியம் மலர்க்கொடி அவனிடம் அதிரசம் கொடுத்தனுப்பினாள். சேரியிலிருந்து வந்த வாத்தியார் வீட்டுப் பலகாரம் என்று அவன் அம்மா சாரதா தொடவில்லை. அவன் மனைவி கஸ்தூரி மட்டும் ஒன்று தின்றாள். கொஞ்ச நேரத்தில் உதடும் நகமும் நீலம் பாரித்துச் சுருண்டு விழுந்தாள். அவள் மேல் பாதாம் வாசனை வீசுகிறதாம். பலகாரத்தில் விஷம் என்று தெருவே தானியேலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கும் ஆள் போயாயிற்று.

"அதிரசத்துல பாதாம் போட்டியாம்மா?" என்று கேட்டார் வேதகிரி.

"பாதாமைக் கண்ணால பாத்தே எவ்ளோ நாளாவுது, ஏட்டய்யா."

வேதகிரி சட்டையை மாட்டினார். வழியெல்லாம் செங்கேணி மாமியார்தான் குற்றவாளி என்று நிரூபித்துக்கொண்டே வந்தான்.

நெசவுத் தெருவில் தறிச் சத்தம் நின்றிருந்தது. ராஜாராம் வீட்டில் கஸ்தூரி தலையணையில் தலை வைத்துக் கிடந்தாள். உள்ளூர் டாக்டர் கையைப் பிசைந்தார். எந்த விஷம் என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது என்பது அவர் கவலை. வாசலில் தானியேலைச் சுற்றிக் கூட்டம். மலர்க்கொடியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேதகிரி அவசரப்படவில்லை. அந்த வாசனை எப்போது வந்தது என்று சாரதாவைக் கேட்டார்.

"காலையில அவளுக்குத் தலை பின்னும்போதே வந்துச்சு. பக்கத்து வூட்டுல பாதாம் அல்வா கிண்டறாங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா," என்று குறுக்கிட்டான் ராஜாராம். "அந்த நறுமணம் மதியம்தான் வந்துச்சு. அதிரசம் துன்ன பெறகு."

வேதகிரி அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, கஸ்தூரியின் தலைக்கடியிலிருந்த தலையணையை மெல்ல உருவினார். அதில் எண்ணெய்க் கறை. செங்கேணியிடம் நீட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

"அல்வா கடையே கீது இதுல," என்றான் செங்கேணி.

வேதகிரி எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினார். "அதிரசம் வந்தது மதியம். வாசனை வந்தது காலையில. அதுவும் தலையிலேர்ந்து. அப்ப விஷம் பலகாரத்துல இல்ல, எண்ணெயில. இன்னொண்ணு. சாரதாம்மா வாசனைன்னாங்க, தெருவே வாசனைன்னுது. நறுமணம்னு யாரும் பேசல. அது தானியேல் போர்டுல எழுதற வார்த்தை. ராஜாராமு, எண்ணெயில இன்னாப்பா கலந்தே?"

ராஜாராம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சென்ட் வேண்டும் என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டே இருந்தாள். நறுமணச் சேர்மம் என்று வாத்தியார் எழுதி, ஒரு பாட்டிலைத் திறந்து தூரத்திலிருந்து காட்டினார். அவ்வளவுதான் அவன் கேட்டது. தறி வேலைக்காகப் பாதி வகுப்பில் எழுந்து போனவன், மறுநாள் வாத்தியாருக்குத் தெரியாமல் அதில் கொஞ்சம் ஊற்றி வந்து தேங்காயெண்ணெயில் கலந்து, தலைக்குத் தேய்க்க மனைவிக்குக் கொடுத்தான். அவள் விழுந்ததும் பயத்தில் வாய் திறக்கவில்லை.

"பாவி, அது நைட்ரோபென்சீன்டா," என்று வாசலிலிருந்தே தானியேல் சொன்னான். "மீதிப் பாதியில அது விஷம்னு சொன்னேன். தோல் வழியாவே ரத்தத்துக்குப் போயிடும்."

பெயரைக் கேட்டதும் டாக்டருக்கு உயிர் வந்தது. தலையைச் சோப்புப் போட்டு அலசச் சொன்னார்; செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மெதிலீன் புளூ ஊசி இருக்கும், கார் கிளம்பட்டும் என்றார்.

"அது சாயமாச்சே," என்று திகைத்தாள் சாரதா. "நீலம் பாரிச்சவளுக்கு நீலச் சாயத்தையா ஏத்துவாங்க?"

"அதுவும் இதே நறுமணச் சேர்மக் குடும்பம்தாம்மா," என்றான் தானியேல். "ஒண்ணு கெடுக்கும், ஒண்ணு காப்பாத்தும்."

அவனைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. காரில் கஸ்தூரியின் பக்கத்தில் டாக்டர் அவனையே உட்காரச் சொன்னார்.

வருஷங்கள் ஓடி, வேதகிரியும் தானியேலும் காலமாகிவிட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு தானியேலோடு வாழ்ந்த ஒவ்வொரு நாளும் ஏட்டய்யா கொடுத்தது என்றுதான் மலர்க்கொடி நினைப்பாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பின் கஸ்தூரி பிழைத்துத் திரும்பிய அன்று, பஸ் நிற்குமிடத்தில் சாரதா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். இறங்கிய கஸ்தூரி எதிரிலிருந்த தானியேலின் வீட்டுக்குள் நேராக நுழைந்தாள்.

"தாகமா கீது, அக்கா. தண்ணி குடுங்க."

லோட்டாவில் வாய் வைத்துக் குடித்தாள். சாரதா தட்டோடு படியேறி வந்து மலர்க்கொடியையும் கஸ்தூரியையும் சேர்த்து நிறுத்தி ஆரத்தி சுற்றினாள். சிவந்த அந்த ஆரத்தி நீரை அந்த வாசலிலேயே ஊற்றிவிட்டுத்தான் மருமகளை அழைத்துப் போனாள்.