ஆமை தப்பிய வழி

காலை பத்து மணி. பொம்மை கம்பெனி முதலாளி வாயடைத்து நின்றார். இன்னும் விற்பனைக்கே வராத அவருடைய நடக்கும் ஆமை, போட்டிக் கம்பெனியின் கடை ஜன்னலில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் அவர் அறையில் இருந்தார்.

"ஆமையோட வரைபடம் எங்க இருந்துச்சு?"

"சர்வர்ல. வீட்ல இருந்தே உள்ள நுழையலாம். எல்லா பாஸ்வேர்டும் இவர் கையில."

முதலாளியின் கை நீண்டது கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் சொந்த மருமகனை நோக்கி. "மாப்பிள்ளை, சாவியை வெச்சிட்டுக் கிளம்புங்க."

மருமகனுக்கு முகம் சுண்டியது. "மாமா, மூணு மாசம் முன்னாடியே எல்லார் பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். புதுசை நேர்ல வர்றவங்க காதுல மட்டும்தான் சொன்னேன். ஃபோன்ல கேட்டப்ப உங்களுக்கே சொல்லல."

"அதை வேற ஞாபகப்படுத்தணுமா?"

பக்கத்தில் நின்ற விற்பனை மேனேஜர் சிரித்தார். "இந்தக் காது வைத்தியத்துக்கு எனக்கு ஏது நேரம், மேடம்? இன்னும் அந்தப் பக்கமே போகல. வீட்ல இருந்து தினமும் விற்பனை விவரத்தை சர்வர்ல ஏத்தவே பொழுது சரியாப் போகுது."

இன்ஸ்பெக்டர் சர்வரின் பதிவைத் திறந்தார். தினமும் ஒரு வரியில், ஆள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே எழுத்து நீளமாக ஓடியது. பாஸ்வேர்ட் கேட்ட தடயமே இல்லை.

அவரும் பெயர்க் கட்டத்தில் ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்தார். பிறகு என்டர். சர்வர் திறந்துகொண்டது.

"டம்ளர் அளவு பாக்காம தண்ணி ஊத்தின கதைதான். பேருக்கு ஒதுக்கின இடம் சின்னது. வழிஞ்ச எழுத்து பக்கத்து இடத்துல விழுது. 'இவரை விடலாமா'ங்கற குறி இருக்கறது அங்கதான். அது மாறிடுது, கதவு திறந்துடுது."

"அப்ப யார் வேணும்னாலும் வந்திருக்கலாமே?" என்றார் முதலாளி.

"வந்தது ஒருத்தர்தான். புது பாஸ்வேர்டே வாங்காதவர், மூணு மாசமா தினமும் எப்படி உள்ள போனார்?"

மேனேஜரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "எங்க வீட்டுப் பூனை கீபோர்டுல படுத்துச்சு, மேடம். எழுந்தப்ப சர்வர் திறந்திருந்துச்சு."

"வரைபடத்தை வித்ததும் பூனைதானா?"

இன்ஸ்பெக்டர் மருமகன் பக்கம் திரும்பினார். "இந்தப் பதிவை அப்பப்ப பாத்திருந்தா நான் வந்திருக்கவே வேண்டாம்."

"முதல்ல ஓட்டையை அடைச்சிடறேன், மேடம்."

மேனேஜரோடு ஜீப் கிளம்பியது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், மாப்பிள்ளை. நான் போகச் சொன்னது வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்பவே மெசேஜ் போட்டுட்டேன், மாமா. உங்க பொண்ணு ஆட்டோல வந்துட்டிருக்கா."

முதலாளி இன்ஸ்பெக்டரைத் தேடி எட்டிப் பார்த்தார். ஜீப் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது.